தாங்குபவரைத் தாங்குவோம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற தாதிய உதவியாளர் பயிற்சிப் பட்டறையில் ஆற்றிய உரை)



இதே மேடையில் ஒருமுறை பேச்சுப் போட்டிக்கு ஏறி, மூன்றாவது நிமிடத்தில் வசனம் மறந்து, அழுதுகொண்டு இறங்கியவள் நான். ஆகவே இன்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ரீச்சர்மார் மன்னிக்கவேண்டும்.

மருத்துவத்தில் எனது முதலாவது பாடமும் இந்த மண்டபத்தில்தான் நடந்தது. 1995ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது. மின்சாரம் இல்லை. மருந்துக் கடைகளில் பஞ்சுகூடக் கிடைக்காது. பாடசாலை விட்டபின் எங்களுக்கு முதலுதவி வகுப்பு நடக்கும். முக்கோணக் கட்டுத் துணி வாங்க வழியில்லாமல் ரீச்சர் தன் வீட்டிலிருந்து பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து வெட்டித் தந்தார். முதல் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். "காயப்பட்ட ஒருவர் வீதியில் கிடக்கிறார். ஓடிப்போய் முதலில் என்ன செய்வீர்கள்?"

இரத்தத்தை நிறுத்துவோம் என்றாள் ஒருத்தி. தண்ணீர் கொடுப்போம் என்றாள் இன்னொருத்தி. ரீச்சர் தலையை ஆட்டினார். "இல்லை. அந்த இடத்தில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்."

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. சுயநலமாகப் பட்டது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீயும் விழுந்தால், தூக்கவேண்டியவர் இரண்டு பேர்."

அந்த வருடம் ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு அதை நான் விபரிக்கத் தேவையில்லை. எங்கள் அம்மம்மா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காதவர். அவரை ஒரு கதிரையில் இருத்தி, அப்பாவும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சன நெரிசலில் மாமா ஓரிடத்தில் பிரிந்துவிட்டார். மிச்சத் தூரம் அப்பா தனியாக அம்மம்மாவை முதுகில் சுமந்தார். கைதடியில் ஒரு கொட்டிலுக்குள் அவரை இறக்கி வைத்துவிட்டு நிமிர முயன்றபோது அப்பாவின் நாரி பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மம்மா ஒரு பாயிலும் அப்பா பக்கத்துப் பாயிலுமாகக் கிடந்தார்கள். அம்மாவுக்குப் பராமரிக்க இரண்டு பேர். ரீச்சர் சொன்ன வசனம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்பா செய்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்று, போரில்லாத நாளில், கூரையும் கட்டிலும் உள்ள வீட்டில், ஓர் இருபது வயதுப் பிள்ளை அதேபோல் தனியாக ஒருவரைத் தூக்கி நாரியை முறித்துக்கொண்டால், அது பிழை. அந்தப் பிழை அவளுடையது மட்டும் அல்ல. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பராமரிப்பவரின் பாதுகாப்பு, நோயாளியின் பராமரிப்பில் முதற்பகுதி.

யார் இந்தப் பிள்ளைகள்?

யாழ்ப்பாணத்தில் ஆங்கில மருத்துவம் வேரூன்றிய கதையில் எங்களுக்குப் பெருமை உண்டு. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இங்கு வந்தார். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இருந்து பணியாற்றினார். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. இந்த வரலாற்றில் வைத்தியர்களின் பெயர்களைச் சொல்கிறோம், படங்களைத் தொங்கவிடுகிறோம். கட்டிலைத் துடைத்தவர், நோயாளியைப் புரட்டியவர், இரவில் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் எவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது.

இன்றும் அப்படித்தான். அரச வைத்தியசாலைகளில் அவர்களைச் சிற்றூழியர் என்று எழுதினோம், அற்றென்டன் என்று கூப்பிட்டோம். தனியார் வைத்தியசாலைகளில் தாதிய உதவியாளர். வீடுகளில் "அம்மாவைப் பாக்கிற பிள்ளை". இந்த மூன்றாவது வகையினரே இன்று கூடிக்கொண்டு போகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும். பெற்றோர் கோண்டாவிலிலும் கரவெட்டியிலும் சாவகச்சேரியிலும். நாலு அறை, மாபிள் தரை, வெளிவாசலில் கமரா. உள்ளே எண்பது வயதில் ஒருவர், இருபது வயதில் ஒருவர். அந்த இருபது வயதுப் பிள்ளை பெரும்பாலும் வன்னியிலிருந்தோ தீவுப் பகுதியிலிருந்தோ சில மாதப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவள். அவளுக்கு மேலே ஒரு மிஸ் இல்லை, பக்கத்தில் இன்னோர் ஊழியர் இல்லை, அழுத்திக் கூப்பிட ஒரு மணியும் இல்லை. வைத்தியசாலையில் பத்துப் பேர் பகிரும் வேலையை அவள் தனியாகச் செய்கிறாள்.

நான் விட்ட ஊசி

அறிவுரை சொல்வதற்கு முன் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் இந்த மேடையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். இரவு இரண்டு மணி இருக்கும். ஒரு நோயாளிக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு கட்டில் தள்ளி இன்னொருவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. எடுத்த ஊசியைத் தட்டிலேயே பஞ்சுக்குள் போட்டுவிட்டு ஓடினேன். அவரைப் பார்த்து முடிந்ததும் ஊசியை மறந்துவிட்டேன். விடியற்காலையில் அந்தத் தட்டை எடுத்துக் கழுவிய அக்காவின் விரலில் அது ஏறியது.

அவர் எவருக்கும் சொல்லவில்லை. குழாயடியில் கழுவிவிட்டு, பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு, மிச்ச வேலையைச் செய்தார். ஆறாம் நாள், நான் தனியாக இருந்த நேரம் பார்த்து வந்தார்.

"டொக்ரர், உங்களிட்டை ஒரு விசயம் கேக்கலாமோ? ஊசி குத்தினா வருத்தம் வருமோ?"

எனக்கு எந்த ஊசி என்று உடனே தெரிந்துவிட்டது. "ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஏச்சு விழும் எண்டு நினைச்சன்" என்றார்.

அவருக்கு அதுவரை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டிருக்கவில்லை. எவரும் கேட்டதும் இல்லை. அன்றே தொடங்கினோம். எச்.ஐ.விக்கான தடுப்பு மருந்து 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட வேண்டியது. அந்த நேரம் கடந்திருந்தது. அந்த நோயாளியும் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மாதங்கள் அக்காவின் இரத்தத்தை இடைக்கிடை பரிசோதித்தோம். முடிவில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்த அறிக்கையைக் கையில் கொடுத்தபோதுதான் அவர் எனக்குச் சொன்னார், அந்த ஆறு மாதமும் தன்னுடைய கோப்பையில் தன் பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்ததில்லை என்று.

ஒரு கோப்பையால் அந்த நோய்கள் தொற்றாது. அதை அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியவள் நான். சொன்னேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. ஊசியை விட்டது ஒரு பிழை. அவருடைய பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை.

சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல் வியன்னாவிலும் இப்படி ஒன்று நடந்தது. யாக்கொப் கொலெச்கா என்ற பேராசிரியர் பிரேத பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவனின் கத்தி தவறுதலாக அவர் விரலில் பட்டது. சில நாள்களில் தொற்று உடம்பெங்கும் பரவி இறந்துபோனார். அவருடைய நண்பரான செம்மல்வைஸ் அந்தச் சிறு காயத்தை ஆராய்ந்துதான், பிரசவ விடுதியில் தாய்மாரைக் கொன்ற காய்ச்சல் வைத்தியர்களின் கழுவாத கைகளால் வருகிறது என்று கண்டுபிடித்தார். ஒருவருக்கு ஏற்பட்ட காயத்தை மறைக்காமல் ஆராய்ந்ததால் எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள். காயத்தைச் சொல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

தங்கைமாரே, ஊசி பற்றி ஐந்து விடயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். மூடும்போதுதான் மற்றக் கை விரலில் குத்தும்.

இரண்டு, ஊசியைப் போட்டவரே அதை அகற்றவேண்டும். வைத்தியர் விட்டுவிட்டுப் போனால், "டொக்ரர், ஊசி இதிலை கிடக்குது" என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

மூன்று, வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைத் திருகு மூடியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நேரே அதற்குள் போகவேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி ஒட்டி, அருகிலுள்ள வைத்தியசாலையில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பைப் பையில் போட்டால் அடுத்த காயம் பிரதேச சபைத் தொழிலாளிக்கு.

நான்கு, குத்திவிட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். பிதுக்கவேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவேண்டாம். கண்ணில் இரத்தம் தெறித்தால் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். பிறகு உடனே, அதே மணித்தியாலத்தில், வைத்தியசாலைக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஐந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று தடவைகள்: முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. எங்கள் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003ஆம் ஆண்டிலிருந்துதான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போடப்பட்டிருக்காது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது வரை தொற்ற வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி ஆயிரத்துக்கு மூன்று. நாங்கள் எச்.ஐ.விக்குப் பயப்படுகிறோம். பயப்படவேண்டியது மற்றதற்கு. அதற்குத்தான் தடுப்பூசியும் இருக்கிறது.

நாரி

இந்தத் தொழிலில் அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்புவது நாரி நோவு. ஐம்பது கிலோ அரிசி மூடை ஒன்றைத் தனியாகத் தூக்கு என்றால் மாட்டேன் என்பீர்கள். ஐம்பது கிலோ ஆச்சியைத் தூக்கு என்றால் தூக்குகிறீர்கள். அரிசி மூடை நழுவாது, பயத்தில் கழுத்தைப் பிடித்துத் தொங்காது. ஆச்சி இரண்டும் செய்வார். அமெரிக்காவின் தேசியத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் நோயாளியைக் கையால் தூக்குவதற்கு ஓர் எல்லை சொல்லியிருக்கிறது. அது ஏறத்தாழ 16 கிலோ. பதினாறு கிலோவில் வளர்ந்த மனிதர் எவரும் இல்லை. எனவே தனியாகத் தூக்கக்கூடிய நோயாளி என்று எவரும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? தூக்குவதைக் குறைத்து நகர்த்தப் பழகவேண்டும்.

முதலில் கட்டிலின் உயரம். வேலை செய்யும்போது கட்டில் உங்கள் இடுப்பளவில் இருக்கவேண்டும். எங்கள் வீட்டுக் கட்டில்கள் முழங்காலளவு. நாள் முழுக்கக் குனிந்துதான் வேலை. தச்சரிடம் சொல்லி, கட்டில் கால் உள்ளே இறங்கி நிற்கும்படி குழி வைத்த மரக்குற்றிகள் நாலு செய்விக்கலாம். வெறும் கல்லை அடுக்கவேண்டாம், சரிந்துவிடும். உயர்த்திய கட்டிலுக்குப் பக்கத்தடுப்பும் வேண்டும். தானாக எழும்பி நடக்கக்கூடியவர் என்றால் உயர்த்தவே வேண்டாம், அவர் விழுந்துவிடுவார்.

அடுத்தது விரிப்பு. தடித்த விரிப்பொன்றை இரண்டாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை அவருக்குக் கீழே இட்டு வையுங்கள். மேலே நகர்த்த வேண்டியபோது இரண்டு பேர் இரண்டு பக்கமும் விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, ஒன்றாக இழுக்கவேண்டும். எண்ணுவது விளையாட்டில்லை. ஒருவர் முந்தினால் மற்றவருக்குத்தான் நாரி போகும்.

கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது, சக்கர நாற்காலியின் தடுப்பைப் பூட்டுங்கள். பாரிசவாதம் வந்தவரென்றால் அவருடைய பலமான பக்கத்தில் கதிரையை வையுங்கள். உங்கள் கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, அவரைக் கிட்ட அணைத்துப் பிடியுங்கள். முதுகைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள், அவருடைய தோள் மூட்டுக் கழரும். உங்கள் கழுத்தைப் பிடிக்க விடாதீர்கள், உங்களுடையது போகும். "அம்மா, இப்ப எழும்பப் போறம், காலை ஊண்டுங்கோ" என்று முன்னதாகச் சொல்லுங்கள். தன்னால் இயன்றதை நோயாளி செய்தாலே பாதிப் பாரம் குறைந்துவிடும்.

நடக்கும்போது அவர் விழப் போகிறார் என்றால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். உங்கள் உடம்போடு சேர்த்து மெல்லச் சரிய விட்டு, தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தரையில் இருத்துங்கள். விழுந்தபின் அவசரமாகத் தூக்கவும் வேண்டாம். ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். போர்த்துவிட்டு, தலையணை வைத்து, உதவியைக் கூப்பிடுங்கள்.

ஈரத் தரையும் இரவும்

மாபிள் தரை பார்க்க அழகு, நனைந்தால் ஆபத்து. குளிக்க வார்க்கும்போது நோயாளி விழுவதுபோலவே நீங்களும் விழலாம். சறுக்காத அடியுள்ள செருப்பு அணியுங்கள். தரையைத் துடைத்தபின் அவரை எழுப்புங்கள்.

வீட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் நோயாளியின் கட்டிலுக்கருகே தரையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். தரையில் உறங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பது உலர்வலயத்தில் நாம் அறிந்த கதை. கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. பிறகு வயிற்று நோவு, கண் இமை தொங்கல், மூச்சுத் திணறல் என்று வரும். ஆகவே உங்களுக்கும் ஒரு கட்டில் கேளுங்கள், நுளம்பு வலையைச் செருகிப் படுங்கள். இரவில் முற்றத்தில் இறங்கினால் ரோச் லைற்றும் செருப்பும் கட்டாயம். எது கடித்தாலும் வெட்டவேண்டாம், இறுக்கிக் கட்டவேண்டாம், பார்வைக்காரரிடம் ஓடி நேரத்தைப் போக்கவேண்டாம். கடித்த காலை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சொல்லக் கூசுகிற காயம்

எல்லாக் காயமும் இரத்தம் காட்டாது. மறதி நோய் வந்தவர்கள் அடிப்பார்கள், கடிப்பார்கள். அவர்கள் அறிந்து செய்வதில்லை. ஒரு கை நீளம் தள்ளி நின்று, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போங்கள். வாசல் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஆனால் அறிந்து செய்பவர்களும் உண்டு. நோயாளியோ, வந்துபோகும் உறவினரோ, தகாத முறையில் தொட்டால், பேசினால், அது உங்கள் தொழிலின் பகுதி அல்ல. வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல. அறையை விட்டு வெளியே வாருங்கள். அன்றே நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அதை இப்போதே கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். நான் பொறுத்திருக்கிறேன்.

பதிந்துவிட்டீர்களா? இன்னொரு இலக்கமும் பதியுங்கள். 1990.

அவசர வேளை

1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கைகளுக்குள் இலக்கம் பார்த்து வீடு பிடிப்பது இலகுவல்ல. எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாவது ஒழுங்கை, படலை என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். அயலில் ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை செய்யவேண்டியவை:

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதம். நேரத்தைக் குறியுங்கள். இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்து தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பயன்படும். "கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாகும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்கவேண்டாம்.

நீரிழிவு உள்ளவர் வியர்த்து நடுங்கி, கதை மாறாட்டமாகப் பேசினால், விழுங்கக்கூடிய நிலையில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

சாப்பாடு தொண்டையில் சிக்கி, இருமவும் பேசவும் முடியாவிட்டால், முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையைப் பொத்தி உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் திறப்பைத் திணிக்கவோ வாயில் கரண்டி வைக்கவோ வேண்டாம். அடிபடக்கூடிய பொருள்களை அகற்றி, அடங்கியதும் சரித்து விடுங்கள். சுடுநீர் பட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசையும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ரீச்சரின் முதற்பாடம் அங்கேயும் வருகிறது.

கூப்பிட்டும் அசையாமல் சரியான மூச்சும் இல்லாமல் கிடந்தால், 1990ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, தரையில் நேரே கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். பிற்பகல் அமர்வில் பொம்மையில் எல்லோரும் செய்து பார்ப்போம். பார்த்துப் படிப்பது போதாது. கை பழகவேண்டும்.

வேலை கொடுப்போருக்கு

இனி என் பேச்சு பழைய மாணவிகளுக்கு. இங்கு இருப்பவர்களுக்கும், இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசிக்கப் போகிறவர்களுக்கும்.

நீங்கள் மாதாமாதம் காசு அனுப்புகிறீர்கள். வட்ஸ்அப்பில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறீர்கள். "அம்மா சாப்பிட்டவவோ? மருந்து குடுத்தனீங்களோ?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "நீ சாப்பிட்டியோ? இரவு எத்தினை மணித்தியாலம் படுத்தனி?" என்று கேட்டிருக்கிறோமா? நானும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என் அம்மாவையும் ஒரு பிள்ளைதான் பார்க்கிறாள்.

கட்டிலை உயர்த்திக் கொடுங்கள். குளிக்க வார்க்கும் நேரத்துக்காவது இரண்டாவது ஆளை ஒழுங்கு செய்யுங்கள். தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இரவில் மூன்று முறை எழும்பியவளைப் பகலில் உறங்க விடுங்கள். கிழமையில் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். உள்ளே பூட்டக்கூடிய ஓர் அறை கொடுங்கள். காயப்பட்டால் மருந்துச் செலவும் அந்த நாள்களின் சம்பளமும் அவளுக்குச் சேரவேண்டும். 1934ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. வேலையில் பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு என்பது எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே ஒப்புக்கொண்ட விடயம். எங்கள் வீட்டு வாசலோடு அந்த நியாயம் நின்றுவிடக்கூடாது.

எங்கள் போதனா வைத்தியசாலையில் ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபர் 21ஆம் திகதி விளக்கேற்றுகிறோம். 1987இல், தீபாவளி நாளில், இந்திய இராணுவத்தினர் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது கடமையில் இருந்து உயிரிழந்தவர்களுக்காக. வைத்தியர்களான சிவபாதசுந்தரம், பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். அவர்களோடு தாதியரும் இறந்தார்கள், நோயாளர் காவு வண்டிச் சாரதி இறந்தார், தொலைபேசி இயக்குநர் இறந்தார், சிற்றூழியர்கள் பலர் இறந்தார்கள். அந்த வரிசையில் படங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன. விளக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போதும் அந்தச் சமத்துவத்தைக் கொடுக்க நாம் சாவுவரை காத்திருக்கத் தேவையில்லை.

தங்கைமாரே, நீங்கள் செய்வது பெரிய வேலை. ஆனால் அதற்காக உங்கள் நாரியையும் நித்திரையையும் மானத்தையும் விலையாகக் கொடுக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடாது. தனியாகத் தூக்கச் சொன்னால், "இன்னொராளைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லுங்கள். ஊசி குத்தினால் அன்றே சொல்லுங்கள். எவருக்கு ஏச்சு விழும் என்று யோசிக்காதீர்கள். ஏச்சு வாங்கவேண்டியவர் வாங்கட்டும். அது நானாக இருந்தாலும்.

எங்கள் ரீச்சர் இன்று இந்தச் சபையில் இல்லை. இருந்திருந்தால், பழைய வேட்டித் துண்டை எடுத்து உங்கள் கையில் தந்துவிட்டு, முதற்கேள்வியை உங்களிடமும் கேட்டிருப்பார். அதற்கான விடை இப்போது உங்களுக்குத் தெரியும்.